செம்பருத்திக் கட்டையும் கார் பம்பரும்

ஏங்க,

எனக்கு இன்னைக்குக் காலை ஷிப்ட். சாப்பாடு மேஜை மேல மூடி வச்சிருக்கு. கார் சாவி என் பையில. காரணம் உங்களுக்கே தெரியும். செம்பருத்திக் கட்டையில கயிறு கட்டி காரால இழுத்தா கட்டை வந்துடும்னீங்க. பம்பர்தான் வந்தது. அதை எங்க அண்ணன்கிட்ட நான் உளறினது தப்புதான். அதுக்காக ரெண்டு நாளா இப்படி முகத்தைத் தூக்கி வச்சுக்கணுமா?

நேத்தே நாலு வாளி தண்ணி ஊத்தி மண்ணை ஊற வச்சேன். விடிஞ்சதும் சுத்தித் தோண்டி, பக்க வேரெல்லாம் ரம்பத்தால அறுத்துட்டேன். ஆணிவேர் மட்டும்தான் பாக்கி. பத்து மணிக்கு அண்ணன் வர்றான். விழுந்து விழுந்து சிரிச்சான் இல்ல? அவன் கண்ணு முன்னாடியே வெறுங்கையால பிடுங்கிக் காட்டுங்க.

பி.கு.: பொய் சொல்ல மனசு வரல. ஆணிவேரும் பாக்கி இல்ல. லேசா ஆட்டினேன், கையோட வந்துடுச்சு. திரும்பக் குழியில நட்டு, மண்ணை மிதிச்சு மூடியிருக்கேன். அண்ணனுக்காகக் கொஞ்சம் மூச்சு வாங்குங்க.

இன்னொண்ணு: ரொம்ப பலமா இழுத்து மல்லாக்க விழுந்துடாதீங்க. விழுறதா இருந்தா, நான் வந்தப்புறம் விழுங்க.