அரைச் சுதி இறக்கிய பேரிட்டோன்

மதினி,

பத்து நாளைக்கு முன்னால் அண்ணன் உங்கள் பேரிட்டோன் யூகலேலியை, கிடாரின் தங்கச்சி மாதிரி இருக்கும் அந்த நாலு கம்பி வாத்தியத்தை, உறையோடு கொண்டுவந்து என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். சுதி பார்க்கலாம் என்று போனில் செயலியைத் திறந்தேன். நாலு கம்பியும் அரைச் சுதி இறங்கி நின்றன. மாற்றுக் கம்பி இருக்குமா என்று உறையின் பையில் கைவிட்டால் மடித்த டாக்டர் சீட்டு. வத்தலக்குண்டில் எழுதியது. உடனே மதுரைக்குப் போய் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்று இருக்கிறது. தேதி, மாரடைப்பில் நீங்கள் போவதற்கு மூன்று வாரம் முந்தியது.

அதை வாசித்ததிலிருந்து உங்கள் மேல் வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை. அழுகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் மகள் வேலைக்குப் போகும்போது விட்டுப்போன சின்ன யூகலேலியை நான் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தானே உங்களுக்கும் ஆசை வந்தது? திண்டுக்கல் கடையில் இருந்ததிலேயே பெரியதாகப் பார்த்து வாங்கி வந்தீர்கள். "இம்புட்டுக் காசு குடுத்துப் பொம்மையா வாங்குவாக?" என்றீர்கள். வீடியோவைப் பார்த்து இருவரும் ஒரே இடத்தில் விரல் வைத்தோம். இரண்டு சத்தமும் சண்டை போட்டன. எனக்குக் காது சரியில்லை என்று நீங்கள், உங்களுக்கு விரல் வளையவில்லை என்று நான். ஒரு வாரம் பேச்சே இல்லை.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. சின்ன அளவு யூகலேலிகளுக்கெல்லாம் கம்பிகளின் சுதி ஜி, சி, ஈ, ஏ. உங்களுடையதற்கு மட்டும் டி, ஜி, பி, ஈ, கிடாரின் கடைசி நாலு கம்பி மாதிரி. நான் ஒரு விரலில் பிடிக்கிற சி கார்டு, உங்களிடம் ஜி கார்டு ஆகிவிடும். எனக்கு ஈடு கொடுக்க நீங்கள் இரண்டு விரல் வைக்க வேண்டும். உங்களுடையதை என் சுதிக்கு ஏற்றிவிடலாம் என்றேன். கம்பி அறுந்துபோகும் என்று மறுத்துவிட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் எல்லாவற்றையும் மாற்றி எழுதிக்கொண்டீர்கள். நம் தோட்டத்து மல்லிகை வண்டி நிலக்கோட்டைச் சந்தைக்குப் போனபின் மத்தியானம் உட்காருவோம். என் மேல்கம்பி கீச்சென்று குறுக்கே வரும், உங்களுடையது அடியிலிருந்து படிப்படியாக ஏறும். அந்த அடிக்குரல் இல்லாமல் என் வாசிப்பு சப்பென்று இருக்கும். இதை உங்களிடம் சொன்னதில்லை.

நீங்கள் போவதற்கு ஒரு வாரம் முன்பு, ஒரு நாள் இடது கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"என்ன மதினி, கை வலிக்குதா?"

"பெருசுல்ல? கழுத்து நீளம், கம்பியும் தடிசு. ஒன்னோடது மாதிரி லேசா இருக்குமாக்கும்?"

நம்பினேன். நம்பியது மட்டுமா, பெரிய கெட்டிக்காரி மாதிரி நாலு கம்பியையும் நானே அரைச் சுதி இறக்கிக் கொடுத்தேன். தளர்ந்தால் அழுத்த லேசாக இருக்கும் என்று பாடம் வேறு நடத்தினேன். என்னுடையதையும் அதோடு சேர இறக்கிக்கொண்டேன். மறுநாள் கேட்டதற்கு, "இப்பத் தேவல, தாயி" என்றீர்கள். பொய். அன்றைக்கு அந்தச் சீட்டு உறைக்குள்தான் இருந்திருக்கிறது.

பூ வரத்து குறையட்டும், அப்புறம் மதுரைக்குப் போகலாம் என்று நினைத்திருப்பீர்கள். நீங்கள் போன மறுவாரமே அண்ணன் கூலிக்கு ஆள் வைத்துப் பூப் பறித்தார். தோட்டம் ஒன்றும் நின்றுவிடவில்லை, மதினி.

போனவள் மேல் என்ன கோபம், விட்டுவிடு என்கிறார்கள். விட மாட்டேன். முந்தாநாள் என் வீட்டுக்காரர் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன எதையும் காதில் வாங்காமல் திண்டுக்கல் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, வெறும் வாயு என்றார் டாக்டர். "ஒரு ஏப்பத்துக்கு அரை நாளு போச்சு, கிறுக்கச்சி" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.  அந்தத் திட்டு முழுவதும் உங்கள் வாயால் நான் வாங்கியிருக்க வேண்டியது.