முள் நகர்ந்தது உண்மைதான்

ஹார்பின்
1997 நவம்பர் 16

அன்பு மகள் ஜிங்யாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் அந்தக் குட்டியும் நன்றாக இருக்கிறீர்களா என்பதுதான் காலையில் கண் விழித்ததும் வருகிற முதல் நினைப்பு. இங்கே ஆறு ஓரமெல்லாம் உறையத் தொடங்கிவிட்டது. வீட்டுக்குக் குழாய் வழியாக வரும் சூட்டை இந்த வருஷம் சரியான நாளில் விட்டார்கள், குழாயைத் தொட முடியவில்லை. குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் வாங்கி மாடிப்படியில் அடுக்கியிருக்கிறோம், பாதியை அம்மா ஜாடியில் உப்புப் போட்டு ஊறவைத்துவிட்டாள். கீழ்வீட்டுக்காரர் சைக்கிளை ஏற்றும்போது அடுக்கைச் சரித்துவிட்டு, உங்க கோஸ்தான் என் சைக்கிள் மேல விழுந்துச்சு என்று நம்மிடமே சண்டைக்கு வந்தார். மாப்பிள்ளையின் வேலை நிரந்தரமானது கேட்டுச் சந்தோஷம். பனியில் வெளியே போனால் பிடித்து நடக்க ஆள் இல்லாமல் போகாதே.

போன மாதம் நீ ஃபோனில் பேசியபோது நான் கோபமாக இருந்தேன் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை மகளே. உங்கள் ஊர்ப் பூங்காவில் நம் ஆட்கள் சேர்ந்து ஆசான் தெங் பாவ்ஷானின் தெளிநீர்ப் பயிற்சி செய்கிறார்கள், அவர்கள் மண்டபத்துச் சுவரில் ஒரு பழைய ஆய்வறிக்கையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், அதன் அடியில் என் பெயர் என்று சொன்னாய். "அப்பா, பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தாலும் உங்க கையெழுத்து என்னைத் தேடி வந்துடுச்சு பாருங்க" என்று சிரித்தாய். அதோடு விட்டாயா, டாக்டர் கர்ப்பத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார், ஆனால் அங்கே சொல்லித்தரும் அம்மாள் மனசு ஒப்பிப் பயிற்சி செய்தால் ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறார், நம்ம அப்பாவே பரிசோதித்த சக்தி ஆச்சே என்றாய். ஊசியை நிறுத்தாதே, ஊசியை நிறுத்தாதே, மீதியை எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லி ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். போன வாரம் மாப்பிள்ளைக்கு ஃபோன் செய்து நீ ஊசி போடுகிறாயா என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இதில் நான் மறைக்காமல் சொல்லப்போவதை நீ உட்கார்ந்து படி.

எண்பத்தேழு ஏப்ரலில் தெங் எங்கள் ஆய்வு நிலையத்துக்கு வந்தார். அப்போது ஊரெல்லாம் ச்சிகோங் என்கிற மூச்சுப் பயிற்சியைப் பற்றித்தான் பேச்சு, நீயும் பார்த்திருக்கிறாய், பூங்காவில் மரத்துக்கு மரம் ஒரு ஆசான். ஆறு வயதில் மலைமேல் ஒரு தாவோ துறவியிடம் கற்றதாகத் தெங் சொல்வார். நல்ல மனிதர்போலத்தான் இருந்தார். வாசல் காவலாளியின் பெயரைக்கூட இரண்டாம் தடவை வரும்போது நினைவு வைத்துக் கூப்பிட்டார். நிலைய வளாகத்தில் அரை மணி நேரம் பயிற்சி செய்துவிட்டு உள்ளே வந்து, கண்ணுக்குத் தெரியாத கதிரை அளக்கும் என்னுடைய கருவிக்கு ஒரு முழம் தள்ளி நின்று உள்ளங்கையை நீட்டினார். முள் துள்ளியது. ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் ஆட்கள் மூன்று பேர் கை நீட்டினார்கள், அசையவே இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள். இதுவரை அறியப்படாத ஒரு சக்தி மனித உள்ளங்கையிலிருந்து வெளிப்படுவதைக் கருவி பதிவு செய்தது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்னுடன் வேலை பார்த்த லூ மட்டும், உனக்கு அவரைத் தெரியும், வழுக்கைத் தலை, உனக்குப் பம்பரம் செய்து கொடுத்தாரே, அவர் மட்டும், "யோவ், சூட்டைத் தடுக்க நடுவுல ஒரு கண்ணாடியை வச்சு இன்னொரு தடவை பாரு. அவர் கை வேர்த்துக் கொதிக்குது, நம்ம மூணு பேரும் பனியில இருந்து வந்தவங்க. அடுப்பு பக்கத்துல வச்சாலும் உன் முள் ஆடும்" என்றார். எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போனபோது, தனியாக அந்தக் கருவி முன்னால் உட்கார்ந்து தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துச் சூடேற்றிவிட்டு உள்ளங்கையை நீட்டினேன். முள் தெங்குக்கு ஆடியதைவிட அதிகமாக ஆடியது. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் ஆடியது. துணியை எடுத்துக் கருவியை மூடிவிட்டு நானும் சாப்பிடப் போனேன். அந்த வாரம்தான் அறிக்கை ஒரு பத்திரிகையில் வந்திருந்தது. இயக்குநர் என்னைத் தோளில் தட்டிப் பேசினார். லூ இரண்டாம் பரிசோதனை கேட்டு மனு எழுதினார், அது தேவையில்லை என்று என்னையே எழுதச் சொன்னார்கள், எழுதினேன். லூவைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். இலையுதிர் காலத்தில் எனக்கு இந்த இரண்டு அறை வீடு ஒதுக்கினார்கள். நடைவழியில் ஐந்து குடும்பத்துக்கு ஒரே சமையலறை என்று இருந்த இடத்திலிருந்து வந்தோமே, நீ பெய்ஜிங்கிலிருந்து விடுமுறைக்கு வந்து உனக்கென்று ஒரு கதவு இருப்பதைப் பார்த்து அதைத் திறந்து திறந்து மூடினாயே, அந்த வீடு இப்படித்தான் வந்தது.

இனிதான் உன் சித்தி விஷயம். யான்ரு சித்தி காய்ச்சலில் போனாள் என்றுதான் உனக்கு எழுதினோம். அது காய்ச்சல் இல்லை. பத்தொன்பது வயதிலிருந்து அவளுக்குச் சர்க்கரை, ஞாயிற்றுக்கிழமை நூற்பாலை விடுதியிலிருந்து வரும்போதெல்லாம் சின்ன அலுமினியப் பாத்திரத்தில் ஊசியைக் கொதிக்க வைப்பாளே, அது உனக்கு நினைவிருக்கும். எண்பத்தெட்டில் ஆலையில் தெங்கின் ஆட்கள் பயிற்சி வகுப்பு தொடங்கினார்கள். தனியாகப் போகக் கூச்சப்படுகிறாள் என்று முதல் நாள் அம்மாதான் கூட்டிப் போய் விட்டாள். இரண்டே மாதத்தில் சித்தி முகம் தெளிந்துவிட்டது, பாட்டுப் பாடினாள், தூங்குகிறேன் என்றாள், அது பொய்யில்லை. அக்டோபரில் ஒரு ஞாயிறு, நான் சமையலறையில் ஜாடியிலிருந்து புளித்த கோஸ் எடுத்துக்கொண்டிருந்தேன், கதவில் சாய்ந்து நின்று கேட்டாள். "அத்தான், பதினெட்டு வருஷமா குத்திக்கிட்டிருக்கேன், தொடையில இனி இடமில்லை. ஊசி வேண்டாம்கிறாங்க. அங்க ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லுவாங்க, நான் அதைக் கேக்கல. நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க, அந்த முள் நிஜமாவே நகர்ந்துச்சா?"

நான் ஜாடியைப் பார்த்துக்கொண்டே, நகர்ந்துச்சு, என் கண்ணால பாத்தேன் என்றேன்.

அது பொய் இல்லை ஜிங்யா. முள் நகர்ந்தது உண்மைதான். ஒன்பது வருஷமாக நான் இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தப்பித்துக்கொண்டிருக்கிறேன், நான் பொய் சொல்லவில்லை என்று. ஆனால் அவள் கேட்டது முள்ளைப் பற்றி இல்லை. ஊசியை நிறுத்தலாமா என்று கேட்டாள். அது எனக்கு அப்போதே புரிந்தது. தேநீர்க் குவளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "அப்ப சரி அத்தான்" என்று அவள் சிரித்து என் கையிலிருந்து கோஸை வாங்கிக்கொண்டு போய் நறுக்கினாள். நவம்பரில் பத்து நாள் முகாமுக்குப் போனாள். அங்கே ஊசியை முழுதாக விட்டிருக்கிறாள். மூன்றாம் நாளே வாந்தி, தாகம், மூச்சு வாங்கல். நோய் வெளியே போகிறது, பயப்படாதே என்று சுற்றி உட்கார்ந்து கை நீட்டியிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். மருந்தை யார் நிறுத்தச் சொன்னது என்று டாக்டர் சத்தம் போட்டார். அம்மா, நான்தான் அவளை அந்த வகுப்புக்குக் கூட்டிட்டுப் போனேன் டாக்டர் என்று அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. மறுநாள் விடிந்தபோது சித்தி இல்லை. அவளுக்கு முப்பத்தேழு வயது.

தெங் சாவுக்கு வந்தார். வாசலிலேயே மண்டியிட்டு அழுதார், அது நடிப்பில்லை. அதனால்தான் அவரை வெறுக்கவும் எனக்குத் துணிவில்லை. அவர் மலைக்கெல்லாம் போனதே இல்லை, ஒரு தொழிலாளர் ஓய்வு இல்லத்தில் மூன்று மாதம் கற்றுக்கொண்ட பயிற்சி அது என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் தன் கையில் சக்தி இருப்பதாக அவர் மனசார நம்பினார். ஏன் நம்பினார் என்று யோசித்தால், படித்த ஒருவன் கருவியை வைத்துப் பார்த்து ஆமாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறானே. நான் நம்பவில்லை, எனக்குத் தெரியும். இரண்டு பேரில் யார் ஏமாற்றுக்காரன் என்று நீயே சொல். அதன் பிறகு வந்த ஒவ்வொரு வசந்தத்திலும் சமாதியைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் நாளில் அம்மா தங்கையிடம் மன்னிப்புக் கேட்பாள், நான் பக்கத்தில் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒன்பது வருஷம் நின்றேன்.

நீ ஃபோன் செய்த மறுநாள் லூ வீட்டுக்குப் போனேன். பத்து வருஷத்தில் முதல் தடவை. கதவைத் திறந்தவருக்கு என்னை அடையாளம் காணக் கொஞ்ச நேரம் ஆனது. நான் அழுதேன். "நீ வருவேன்னு நான் பத்து வருஷமா கதவைப் பாத்துக்கிட்டு இருந்தேன்னு நினைச்சியா? நான் எப்பவோ மறந்துட்டேன்யா. கிடங்குல நிம்மதியாத்தான் இருந்தேன்" என்றார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் இன்னும் கிடங்கில்தான் வேலை பார்க்கிறார், கருவியும் அங்கேதான் தூசி படிந்து கிடக்கிறது. நிலையத்தில் சொல்லி அனுமதி வாங்கி, ஒரு பகல் முழுக்க இரண்டு பேரும் உட்கார்ந்தோம். என் கையை, அவர் கையை, சூடாக்கி, ஆறவைத்து, நடுவில் கண்ணாடி வைத்து, எடுத்து. லூவின் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தில் வேகவைத்த உருளைக்கிழங்கு இருந்தது. அதைக் கருவி முன்னால் வைத்தார், முள் ஓடிப்போய் ஓரத்தில் முட்டியது. "பாருய்யா, இந்த ஆசானுக்கும் ஒரு மண்டபம் கட்டுங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம், எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. கண்ணாடி வைத்தால் எதற்குமே முள் ஆடவில்லை. லூ பத்து வருஷம் முன்னால் கேட்டது ஒரு கண்ணாடித் துண்டுதான்.

அப்படியானால் எல்லாமே பொய்யா என்று கேட்பாய். நானும் அவரிடம் கேட்டேன். லூ தினமும் காலையில் பூங்காவில் அந்த அசைவுகளைச் செய்கிறாராம், முட்டிவலிக்கு! "மெதுவா கைய காலை ஆட்டி மூச்சை இழுத்து விட்டா யாருக்குத்தான் நல்லா இருக்காது? அதைச் சொல்லிக் குடுத்தவனை நான் கும்பிடுறேன். அதை வச்சு மருந்தைத் தூக்கிப் போடச் சொன்னா செருப்பைக் கழட்டுவேன்" என்றார். ஆகையால் பூங்காவுக்குப் போகாதே என்று சொல்ல மாட்டேன். அந்த அசைவுகளால் கர்ப்ப காலத்து முதுகுவலி குறைகிறது என்றால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய். புது அறிக்கையில் நானும் லூவும் கையெழுத்துப் போட்டு அந்தப் பத்திரிகைக்கு அனுப்பினோம், பதில் இல்லை. நிலையத்தில் பழைய இயக்குநர், ஓய்வு பெத்த காலத்தில உனக்கு எதுக்கு இந்த வேலை என்றார். ஒரு பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். அதை அந்த மண்டபத்து அம்மாளிடம் கொடு, கூடவே சித்தி கதையையும் சொல். சட்டத்தைக் கழற்றச் சொல்லிக் கேள். கழற்ற மாட்டார்கள் என்றால் அங்கே வருகிற சர்க்கரை நோயாளிகளிடம் நீ தனித்தனியாகச் சொல். இதை உன்மேல் சுமத்துவதற்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அம்மாவிடம் போன ஞாயிறு சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, "ஒம்பது வருஷம். நான் அவகிட்ட மன்னிப்புக் கேக்கறதை ஒம்பது வருஷமா பக்கத்துல நின்னு பாத்தீங்க" என்றாள். அவ்வளவுதான். ஐந்து நாள் என் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு உன் அறைக்குப் போய்ச் சாப்பிட்டாள். நேற்று வந்து, "பொண்ணுக்கு எழுதிட்டீங்களா? எழுதி எங்கிட்ட குடுங்க. படிச்சுப் பாத்துட்டு நானே தபால்ல போடறேன். ஒரு வரி விட்டிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிடும்" என்றாள். ஒரு வரியும் விடவில்லை என்று நினைக்கிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முறை இல்லை, கேட்க வேண்டியவள் மண்ணுக்குள் இருக்கிறாள். நீ கோபப்படு, எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, ஆனால் நேரத்துக்குச் சாப்பிடு, வேளை தவறாமல் ஊசியைப் போடு, சர்க்கரையை அளந்து பார்க்கிற அளவை மாப்பிள்ளையிடம் சொல்லி எழுதி வைக்கச் சொல். குழந்தை நல்லபடியாகப் பிறந்து, கையும் காலும் கெட்டியாக, தாயும் சேயும் நூறு வயது இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு. டிசம்பரில் அடுத்த பரிசோதனை என்றாயே, அதன் முடிவை எனக்கு வேண்டாம், அம்மாவுக்கு உடனே ஃபோனில் சொல்லிவிடு.

எப்போதும் கடைசியில் இரண்டு பேர் பெயரையும் எழுதுவேன். இந்தத் தடவை தன் பெயரைப் போட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். அவள் ஆசீர்வாதத்தைத் தனியாக எழுதுவாளாம்.

உன் அப்பா,
நியே குவாங்ஷெங்