பின்சீட்டுக்கு மட்டும் தெரிந்தது

டீச்சர்,

இன்று காலை ஜெலாப்பாங் பட்டறையில் என் காரைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். பின்சக்கரத்தின் உள்பக்கம், குலுக்கலை அடக்கும் அப்சோபரில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் செம்புழுதி அப்பியிருந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்களை நினைத்துக்கொண்டேன். நீங்கள் காலமான செய்தி வந்து பத்து நாள்தான் ஆகிறது.

எழுபதுகளின் கடைசி. நாம் குடியிருந்த சிலிபினிலிருந்து தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு என் பழைய காரில்தான் போவோம். முன்னால் தலைமையாசிரியரும் நானும், பின்னால் நீங்கள் தனியாக. பெரிய சாலை முடிந்ததும் ரப்பர் மரங்களுக்கு நடுவே மூன்று மைல் மண்சடக்கு. ஒருநாள் அங்கே ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது சொன்னீர்கள்:

“மாஸ்டர், பின்னுக்கு இருக்கேலாமல் கிடக்கு. ஒருக்கால் விழுந்தால் கார் நாலுதரம் துள்ளுது.”

எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம், தகப்பனார் ரயில்வேயில் உத்தியோகம். என் அப்பா பால்மரம் வெட்டியவர்.

“எங்க ஆளுங்க லாரியில நின்னுக்கிட்டே போனவங்க டீச்சர். உங்களுக்குத்தான் மெத்தை கேக்குது,” என்றேன்.

தலைமையாசிரியர் சிரித்தார். நீங்கள் கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டீர்கள்.

அடுத்த திங்கள் முதல் பஸ்ஸில் வந்தீர்கள். சந்தியில் இறங்கி, குடை பிடித்தபடி அந்த மூன்று மைலையும் நடந்தீர்கள். உங்களைத் தாண்டும்போது புழுதி படக்கூடாதென்று வேகத்தைக் குறைப்பேன், அவ்வளவுதான். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பெரிய இடத்துத் திமிர் என்று வீட்டில்கூடச் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து, பின்டயர்கள் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருப்பதைக் கண்டு பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் பின்மூலையை இரண்டு கையாலும் அமுக்கி விட்டார். ஒரு தடவை எழும்பி அடங்க வேண்டிய வண்டி ஆடிக்கொண்டே இருந்தது.

“அப்சோபர் செத்து ரொம்ப நாளாச்சு சார். பின்னால உக்கார்றவங்க ஒண்ணும் சொல்லலையா?”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே அண்ணே.”

“ஸ்டேரிங் பிடிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? பின்னால உள்ளவங்களைத்தான் கேக்கணும் லா.”

அன்றே புதிது மாட்டினேன். திங்கட்கிழமை உங்களை ஏற்றிக்கொள்ளலாம் என்று பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தேன். நீங்கள் வரவில்லை. பள்ளிக்கூடத்து ஆயாதான் சொன்னார்.

“டீச்சருக்குக் கலைஞ்சிருச்சு சார். மூணு மாசமாம். கல்யாணமாகி ஒம்பது வருசம் கழிச்சு நின்னது.”

முன்னால் இரண்டு ஆண்கள் இருக்கும் காரில் அதை நீங்கள் எப்படிச் சொல்லியிருப்பீர்கள்? சொல்ல முடிந்ததைச் சொன்னீர்கள். நான்தான் அதை ஊர்ப் பெருமை என்று எடுத்துக்கொண்டேன். காரின் குலுக்கலா, வெயிலில் நடந்த நடையா, இரண்டுமே இல்லையா, யாருக்கும் தெரியாது. தெரியாது என்பது எனக்கு ஒருநாளும் ஆறுதலாக இருந்ததில்லை.

ஒரு மாதம் கழித்து, சடக்கில் நடந்துகொண்டிருந்த உங்கள் பக்கத்தில் நிறுத்தி, இறங்கிப் பின்கதவைத் திறந்தேன். “அப்சோபர் மாத்திட்டேன் டீச்சர்,” என்றேன். ஏறிக்கொண்டீர்கள். அதே பள்ளம் வந்தது. கார் இறங்கியது, ஏறியது, அடங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தீர்கள்.

“இப்ப நல்லாயிருக்கு மாஸ்டர்.”

அதன்பின் நீங்கள் தெலுக் இந்தானுக்கு மாற்றலாகிப் போகும்வரை, ஏழு வருடம் என் காரில் வந்தீர்கள். பரீட்சைத் தாள், பிள்ளைகளின் குறும்பு, சாமான் விலை என்று என்னென்னவோ பேசினோம். அதை மட்டும் பேசவில்லை.

இன்றைக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை சாவியை மகனிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்கிறேன். மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டச் சொல்கிறேன். அவனுக்கு இது அப்பாவின் கிறுக்கு. நான் ஓட்டும்போது பின்னாலிருந்து யார் வாய் திறந்தாலும் முதலில் காரை நிறுத்துகிறேன், பிறகுதான் பதில் சொல்கிறேன். ஏழு வருடம் தினமும் என் முதுகுக்குப் பின்னால் இருந்தீர்கள். நான் ஒருமுறை திரும்பி இதைச் சொல்லியிருந்தால் போதும்.

என்னை மன்னித்துவிடுங்கள், டீச்சர்.