பின்னால் யாருமில்லாத படம்

14.3.2005, திங்கள்

கயாக் படகுப் போட்டியின் தகுதிச் சுற்றில் தோற்று, இன்று காலை ரயிலில் திண்டுக்கல் வந்து இறங்கினேன். ஆத்தூர் அணையின் அசையாத தண்ணீரில் பழகியவள் நான். போட்டி நடந்த ஆறு பாய்ந்த பாய்ச்சலில், மேலே தொங்கவிட்ட கம்புகளுக்கு நடுவே இரண்டு இடத்தில் புகவே முடியவில்லை. கடைசி இடம்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அதற்குள் அப்பா, போட்டியில் நான் படகு ஓட்டும்போது எடுத்த போட்டோவை என் பையிலிருந்து எடுத்துப்போய், தன் பூட்டுக்கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார். சாயங்காலம் நான் டீ கொண்டுபோனபோது கடைக்கு வந்தவரிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லா பாருங்கண்ணே. பின்னாடி ஒரு படகையும் காணோம். அம்புட்டுப் பேரையும் முந்திட்டு வந்துட்டா எம் மக."

அந்தப் போட்டியில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் விடுவார்கள்.

"அப்பா, அது வந்து…" என்றேன்.

"செத்த இரும்மா" என்று பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டார். அப்பா இப்படிச் சிரித்துப் பார்த்து நாளாகிவிட்டது. நான் டம்ளரை வைத்துவிட்டுக் குனிந்து படத்தைப் பார்த்தேன்.

பின்னால் யாருமில்லைதான். முன்னாலும் யாருமில்லை. அதை ஒருவரும் கேட்கவில்லை.