நாளை டாக்டரிடம் என்ன சொல்வது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அந்தத் தூர தேசத்தில் ஊரார் மனசுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் உன்னை ஆண்டவன் நோய்நொடியில்லாமல் வைக்கட்டும். பக்கத்து வீட்டுப் பெண் இதைப் போனில் படமெடுத்து இன்றே அனுப்புவாள்.

போன வாரம் என் மகள் பஸ்ஸைப் பணிமனையில் விட்டுவிட்டு வந்து, சாப்பிட்டுக் கை கழுவும்போது, "அம்மா, செத்துப்போகணும்னு இருக்கு. எப்பவுமே இருக்கு. தனியா விடாதே" என்றாள். லீவு போடச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தூக்கம், பசி, காதில் குரல் என்று டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னாள். நன்றாகத் தூங்குகிறாள், சாப்பிடுகிறாள், குரலெதுவும் கேட்கவில்லையே! சாகத் தோன்றுவது மட்டும் நோயாகாதாம், வேறு நோயின் அறிகுறியாம். நோயின் பெயர் எழுதாமல் படுக்கை தர முடியாதாம். சாகத் தோன்றுவதையே தனி நோயாக்கிப் பெயர் வைக்க வேண்டுமா என்று டாக்டர்களுக்குள் வாதம் நடக்கிறதாம்.

வெளியே வந்து சிரிக்கிறாள். "தூக்கம் வரலைன்னா எடம் உண்டு, உயிரே வேண்டாம்னா எடம் இல்லை. நம்ம பஸ் தேவலைம்மா, யார் கைகாட்டினாலும் நிக்குது."

அந்தப் பெயர் கூடாதென்று நீ எழுதிய கட்டுரையை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். பெயர் ஒட்டினால் வேலை போகும், பட்ட துக்கத்தை யாரும் கேட்கமாட்டார்கள் என்கிறாய். நியாயம்தான். ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டால் அவளுக்கு வேறு பிடிமானமில்லை. ஆனால் பெயரில்லாத அதை வீட்டில் வைத்துக் காவல் காப்பவள் நான். கண்ணசரப் பயமாக இருக்கிறது.

குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். உள்ளே இருக்கும்வரை குரல் கேட்க வேண்டும் என்றேன். பாட வராதவள், தன் ரூட்டின் ஸ்டாப்புகளைச் சத்தமாகச் சொல்லிக் குளிக்கிறாள். நேற்று நடுவில் நின்றுவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். வாயில் சோப்பு நுரை. "துப்பக்கூட விடமாட்டியா" என்றாள். இருவரும் சிரித்தோம், அது அழுகையில் போய் முடிந்தது.

டாக்டரம்மா நல்லவர். நாளை வரச்சொல்லி, தூங்குவதில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மனச்சோர்வு என்று எழுதிச் சேர்த்துக்கொள்வதாக என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். கணக்கில் ஒரு காசு உதைத்தாலும் ஜெபத்தில் உட்கார மனம் வராதவள் நான். அவளுக்காகப் பொய் சொல்லுவேன். ஆனால் அவள் பக்கத்தில் இருப்பாளே. உள்ளதைச் சொன்னதற்கு அம்மாவே வேறு பெயர் வைத்துவிட்டாள் என்று நினைத்தால், அடுத்த தடவை என்னிடம் சொல்வாளா?

டாக்டராக வேண்டாம், தாய்மாமனாக இன்றே அவளிடம் பேசு. வாதமெல்லாம் பிறகு இருக்கட்டும்.

இப்போதும் குளிக்கிறாள். தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், மில் கேட்... கடைசி ஸ்டாப்பும் சொல்லியாயிற்று. முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறாள். ஆண்டவன் அவளைப் பாதி வழியில் இறக்கிவிடாதிருக்கட்டும்.

கதவோரம் உட்கார்ந்திருக்கும்,
உன் அக்கா