இன்னும் எரிகிறது

வெர்மான்ட்,
13 ஜனவரி 1981

அன்புள்ள ஓரின் அண்ணனுக்கு,

மார்லா எழுதுகிறேன். மூவரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. மினசோட்டாவில் நீங்களாவது நலமாக இருங்கள்.

உங்கள் ஜனவரி அட்டை வந்தது. வழக்கம்போல இரண்டே வார்த்தை: "இன்னும் எரிகிறது." உங்கள் தம்பி அதை, வீட்டைச் சூடாக்கும் விறகடுப்புக்கு மேலே ஆணியில் குத்திவிட்டு, "கிழவன் லேசுல விடமாட்டான் போலிருக்கே!" என்று சிரித்தார். அக்டோபரில் முதல் உறைபனிக்கு மூட்டிய நெருப்பு, ஏப்ரலில் குளத்துப் பனி உடையும்வரை அணையக் கூடாதாம். முதலில் அணையவிட்டவன் தோற்றவனாம். அப்பாவின் அடக்கத்தன்று சண்டை போட்டுப் பிரிந்த பிறகு, பதினோரு வருஷமாக அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதே இந்த இரண்டு வார்த்தைதான். நன்றாக இருக்கிறது உங்கள் குடும்ப லட்சணம்!

இந்த வருஷம் விறகு சரியில்லை. கோடையில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் செப்டம்பரில்தான் மரம் வெட்டினார். எல்லாம் பச்சை. அடுப்பில் போட்டால் முனையில் நுரை தள்ளுகிறது. கட்டை சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று காற்றுத் துவாரத்தை அடைத்தே வைக்கிறார். தீயே இல்லை, புகைச்சல்தான். புகைக்குழாய் இணைப்புகளில் தார் மாதிரி கறுப்பாக வழிகிறது. ஜன்னலுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, வீட்டைச் சுற்றி வைக்கோல் கட்டுகளும் அடுக்கியாயிற்று. குளிர் உள்ளே வர வழியில்லை; உள்ளே இருப்பது வெளியே போகவும் வழியில்லை.

புகைபோக்கி சுத்தம் செய்யும் ரோஸ்கோ போன வாரம் வந்தார். "நெருப்ப அணைச்சு ரெண்டு நாள் ஆறவிடு வெண்டல், அப்பதான் நான் பிரஷ் விடமுடியும்" என்றார். "ஏப்ரல்ல வாப்பா" என்று இவர் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். வாசலில் ரோஸ்கோ என்னிடம் தனியாகச் சொன்னார்: "புகைன்னா கண்ணு எரியும், தெரிஞ்சுக்கலாம். இதுல இன்னொரு வாயு வாசனையே இல்லாம வரும்மா. தலை வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். பாத்து இருந்துக்க."

அதிலிருந்து என் நிம்மதி போயிற்று. காலையில் எழுந்தால் மண்டை பிளக்கிறது. மகள் ஹோலிக்கும் அதே கதைதான். பள்ளிக்கூடம் போனால் பத்து மணிக்குள் தெளிந்துவிடுகிறாளாம். சனி, ஞாயிறுதான் மோசம். போன ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேஜையிலேயே தலைசாய்த்துத் தூங்கிவிட்டாள். உலுக்கி உலுக்கித்தான் எழுப்பினேன். "ஊரெல்லாம் ஃப்ளூ சுத்துது" என்கிறார் இவர். இவருக்கே தினம் காலையில் குமட்டல். பூனை கொட்டகையை விட்டு வீட்டுக்குள் வர மாட்டேன் என்கிறது.

ஜன்னலைத் திறந்தால் பின்னாலேயே வந்து மூடுகிறார். ஒருநாள் வேண்டுமென்றே விறகு போடாமல் விட்டேன். மண்டிபோட்டு ஊதி ஊதிப் பிழைக்கவைத்தவர், இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹோலியைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றேன். "போயேன், யாரு வேணாங்கிறா" என்றார். இந்த மனுஷனை இதற்குள் தனியாக விட்டுப் போக எனக்குத்தான் மனம் வரவில்லை. பூனைகூட வீட்டுக்குள் வர மாட்டேன் என்கிறது. முன்பே எழுதிவிட்டேனோ? இப்போதெல்லாம் ஒன்றும் நினைவில் நிற்பதில்லை.

அண்ணா, என் பேச்சு அவர் காதில் ஏறாது. ரோஸ்கோ பேச்சும் ஏறாது. உங்கள் கையெழுத்தை மட்டும்தான் நம்புவார். "அணைந்துவிட்டது" என்று ஓர் அட்டை போடுங்கள். ஒரு பொய் எழுதினால் நீங்கள் குறைந்துபோய்விட மாட்டீர்கள். அன்றைக்கே அடுப்பை ஆறவிட்டு ரோஸ்கோவைக் கூப்பிடுவார். எங்களுக்காக இந்த ஒரு வருஷம் தோற்றுப்போங்கள்.

உங்களையே நம்பியிருக்கும்,
மார்லா

மினசோட்டா,
24 ஜனவரி 1981, சனிக்கிழமை

அன்பு மார்லா,

உன் கடிதம் பனிப்புயலில் எங்கோ கிடந்து இன்று காலைதான் வந்தது. படித்ததும் போன் செய்தேன், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக. மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. ஐந்து தடவை அடித்துப் பார்த்துவிட்டேன். பிறகு ரோஸ்கோவைப் போனில் தேடிப் பிடித்தேன். "தீயணைப்பு ஆளுங்களோட இதோ கிளம்பிட்டேன். ரோடு பூரா பனி, முக்கால் மணி ஆகும்" என்றார். அவர் திரும்பக் கூப்பிடும்வரை சும்மா உட்கார முடியவில்லை, எழுதுகிறேன்.

என்னைப் பொய் எழுதச் சொன்னாய். அதற்கு அவசியமே இல்லை, மார்லா. என் அடுப்பு அணைந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. முட்டி போனபிறகு விறகு பிளக்க முடியவில்லை. எண்ணெய் ஹீட்டர் வைத்துக்கொண்டேன். அடுப்பின் மேல் இப்போது பூச்சட்டி இருக்கிறது. மாதாமாதம் நான் எழுதியதுதான் பொய். எழுதாவிட்டால் அவனிடமிருந்து அட்டை வருவது நின்றுபோகும் என்ற பயம், வேறொன்றுமில்லை.

நீ கேட்ட அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். "அணைந்துவிட்டது. நீதான் ஜெயித்தாய்." அவன் கையில் கொடு. படித்துவிட்டு என்னை வாய் வலிக்கத் திட்டட்டும்.

இன்று சனிக்கிழமை. ஹோலிக்குப் பள்ளிக்கூடம் இல்லை. போன் இன்னும் அடிக்கவில்லை.

அந்தப் பக்கம் கடுங்குளிர் என்று ரேடியோவில் சொன்னார்கள். யாருக்காகவும் நான் இப்படி வேண்டிக்கொண்டதில்லை: நீங்கள் மூன்று பேரும் இந்நேரம் வீட்டுக்கு வெளியே பனியில் நின்றுகொண்டிருக்க வேண்டும். கடவுளே, மூன்று பேரும் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கட்டும்.

ஓரின்