முதல் உரிமையாளரின் கையொப்பம்

ஜூன் 9

அன்புள்ள அண்ணா,

எப்போதும் "இங்கு எல்லோரும் சுகம்" என்று ஆரம்பிப்பேன். இந்தத் தடவை அந்த வரியை எழுத முடியாது. பதறாமல் படி. அப்பாவின் வலது கையில் வெட்டுப்பட்டுவிட்டது. ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நரம்பு அறுந்து தைத்திருக்கிறார்கள். விரல்கள் பழையபடி மடங்குமா என்று கேட்டதற்கு டாக்டர் "பார்க்கலாம்" என்றார். அதற்கு என்ன பொருள் என்று அம்மாவிடம் கேட்டேன். "கேள்வி கேக்கறதை நிறுத்துன்னு பொருள்" என்றாள்.

பட்டறையில் ஒரு சோபாவின் மூலைக்கு ரெக்ஸின் வெட்டிக்கொண்டிருந்தாராம். நீ ஒரு வருஷம் வைத்திருந்துவிட்டு, உனக்குப் புதிது வாங்கியதும் அப்பாவுக்கு அனுப்பினாயே, அந்த மடக்குக் கத்திதான். மூலையில் குத்தியது சிக்கிக்கொண்டது. வெளியே இழுக்கும்போது, மடங்காமல் தாங்கும் பூட்டு விட்டுவிட, கத்தி மடங்கி விரல்மேல் இறங்கிவிட்டது.

முதலாளி வீட்டுக்கே வந்தார். உட்காரவில்லை. "கத்தியில கோளாறு, உன்மேல தப்பில்லைன்னு கம்பெனி ஒரு பேப்பர் குடுத்தா இது விபத்து. உன் இடம் உனக்கு. இல்லைன்னா, பாத்துக்கத் தெரியாத ஆளை வெச்சு நான் என்னய்யா பண்றது?" என்று கேட்டுவிட்டுப் போனார். பட்டறையை விட்டால் அப்பாவை வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்?

நானும் கத்தியைப் பரிசோதித்தேன். அறிவியல் ஆசிரியையிடம் உருப்பெருக்கிக் கண்ணாடியை இரவல் வாங்கி வந்தேன். கத்தியைத் திறந்ததும் பிடிக்குள்ளிருந்து ஒரு மெல்லிய தகடு நகர்ந்து வந்து அலகின் அடியில் முட்டுக் கொடுக்கிறது. அதுதான் பூட்டு. அந்தத் தகட்டின் விளிம்பு ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. குறுக்கே பொடிப்பொடியாகக் கோடுகள். தயாரிப்பிலேயே பிழை என்பது தெளிவு.

கம்பெனியின் உத்தரவாதம் ஆயுள் முழுவதற்கும் உண்டு. ஆனால் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். கைமாறினால் செல்லாது. அட்டையில் உன் பெயர் இருக்கிறது. விண்ணப்பம் இணைத்திருக்கிறேன். பென்சிலில் குறி போட்ட மூன்று இடங்களிலும் கையொப்பமிட்டு உடனே அனுப்பு.

அப்பா "விடும்மா, கம்பெனிக்கெல்லாம் எழுதாதே" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். பெரிய கம்பெனி என்றால் அவருக்குப் பயம். எனக்கு இல்லை. குடிமையியலில் நுகர்வோர் உரிமை ஒரு முழு அத்தியாயம். அதில் வகுப்பிலேயே நான்தான் முதல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அகராதி

*

ஜூன் 20

என் அருமை அகராதிக்கு,

அப்பாவின் விரல் என்று படித்ததும் கடையில் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வாடிக்கையாளர் ஒருவர் தண்ணீர் கொடுத்தார். அப்பாவிடம் நான் மிகவும் விசாரித்ததாகச் சொல். அம்மாவிடம் அழ வேண்டாம் என்று சொல்.

இப்போது அந்த உருப்பெருக்கியைக் கொண்டுபோய் ஆசிரியையிடம் கொடுத்துவிடு. துப்பறியும் வேலை போதும்.

தயாரிப்பில் பிழை இல்லை. அந்தக் கோடுகள் நான் அரம் போட்டதால் விழுந்தவை. புதுப் பூட்டு இறுக்கமாக இருக்கும், மடக்க இரண்டு கை வேண்டும். நாலு இழுப்பு இழுத்தால் ஒரே கையால் "டப்" என்று மடக்கலாம். இங்கே கத்தி வாங்க வரும் பையன்கள் அதற்காகவே என்னைத் தேடி வருகிறார்கள். கடைக்காரருக்குத் தெரியாது. இந்தக் கம்பெனியின் ஏஜென்சியே அவர்தான். "பூட்டுல கை வெச்சவன் அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்று போன வருஷம் ஒருவனை அனுப்பியும் விட்டார். அடுத்த மாதம் கவுண்ட்டர் பொறுப்பை எனக்குத் தருவதாகப் பேச்சு.

புரிகிறதா? கத்தியை அனுப்பாதே. விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கம்பெனி பதிலே போடவில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிடு. ஒரு சின்னப் பொய். நீ படிக்கிற கதைப் புத்தகமெல்லாம் அதுதானே?

அன்புடன்,
அண்ணன்

*

ஜூன் 28

அன்புள்ள அண்ணா,

கத்தி போய்விட்டது.

உன் பதில் வருவதற்குள் முதலாளி மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டார். நீ வேலை மும்முரத்தில் இருப்பாய் என்று நினைத்து, "முதல் உரிமையாளரின் கையொப்பம் பின்னர் வரும்" என்று எழுதி, உன் கடை விலாசத்தையும் கொடுத்து, பார்சலைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நான் கண்டதையெல்லாம் இரண்டு பக்கம் எழுதி வைத்தேன். தகட்டின் சரிவை வரைந்தும் காட்டினேன். அனுப்பிவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வலி என்று நினைத்தேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு எனக்கு ஒரு வழி தோன்றியது. முதலாளியிடம் போய், உன் பெயரைச் சொல்லாமல் கேட்டேன்: "வேற யாரோ பூட்டைக் கெடுத்துட்டாங்க, அப்பாவுக்கு அது தெரியாதுன்னா?"

"அப்போ உங்கப்பா மேல என்னம்மா தப்பு?" என்றார்.

பார், எவ்வளவு சுலபம்! கம்பெனி உன்னைக் கேட்டால், அரம் போட்டது நான், அப்பாவுக்குத் தெரியாது என்று ஒரே ஒரு வரி எழுது. அப்பாவின் இடம் நிற்கும். உனக்கு வேறு கடை கிடைக்கும். உனக்கு இரண்டு கையும் இருக்கிறதே அண்ணா.

அப்பாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. நேற்று அம்மா அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். "கல்யாணத்தன்னைக்குக்கூட நீ இவ்வளவு பக்கத்துல வந்ததில்ல" என்றார் அவர். அம்மா சிரித்தாள். அதற்குப் பிறகு சமையலறைக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

உன்னை நம்பும்,
அகராதி

*

ஜூலை 11

அகராதி,

கம்பெனிக் கடிதம் கடைக்கே வந்தது. நல்ல வேளை, தபால்காரரிடம் வாங்கியது நான். உன் இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்து இணைத்திருந்தார்கள். "பயன்படுத்தியவரின் மகள் மிகத் தெளிவாக விவரித்துள்ளபடி, பூட்டில் அரம் போடப்பட்டுள்ளது." மிகத் தெளிவாக! வாழ்த்துகள். உன் எழுத்தைப் படித்து ஒருவர் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். எழுத்தாளருக்கு வேறென்ன வேண்டும்?

கத்தி கைமாறியபோது பூட்டு எப்படி இருந்தது என்று கேட்டிருந்தார்கள். "வாங்கியபடியே இருந்தது. அதன்பின் அதில் என்ன செய்யப்பட்டது என்று எனக்குத் தெரியாது" என்று எழுதிக் கையொப்பம் போட்டு அனுப்பிவிட்டேன்.

குதிக்காதே. யோசித்துப் பார். அந்த விரல்களை வைத்துக்கொண்டு அப்பா இன்னும் எத்தனை நாள் வேலை செய்துவிடப் போகிறார்? முடிந்துபோன ஒன்றைக் காப்பாற்ற, இப்போதுதான் தலையெடுக்கும் நான் நடுத்தெருவில் நிற்க வேண்டுமா? இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் இடம் என்றால் யாருக்கு என்று நீயே சொல். நியாயம் எல்லாம் பரீட்சைத் தாளில் எழுது, மதிப்பெண் போடுவார்கள்.

இன்னொன்று. உன்னைக் கல்லூரியில் சேர்க்கப்போவது யார் என்பதை மறந்துவிட்டு வாயைத் திறக்காதே.

அண்ணன்

*

ஜூலை 25

அண்ணாவுக்கு,

கம்பெனியின் பதிலும் கத்தியும் ஒரே பார்சலில் வந்தன. தன் எதிரில்தான் பிரிக்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்ததால் அப்பா என்னையும் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பசை நாற்றம், காற்றில் பஞ்சு. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். "சத்தமா படி பாப்பா, நீ படிச்சா ரேடியோ மாதிரி இருக்கும்னு உங்கப்பன் பீத்திக்குவான்" என்றார் தையல் மிஷின்காரர்.

படித்தேன். "முதல் உரிமையாளர் எழுத்து மூலம் உறுதியளித்துள்ளபடி" என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டே? படி" என்றார் முதலாளி.

கடைசி வரை படித்தேன். கைமாறிய பிறகு பூட்டைச் சேதப்படுத்தியிருப்பதால் உத்தரவாதம் செல்லாது. முதலாளி அப்பாவைப் பார்த்தார். "அரம் போட்டது யாருய்யா?"

நான் வாயைத் திறந்தேன். கல்லூரியாவது மண்ணாங்கட்டியாவது, சொல்லிவிடுவது என்றுதான் திறந்தேன். அப்பா கட்டுப்போட்ட கையை என் தோளில் வைத்து அழுத்தினார். அந்தக் கையால் அழுத்தினால் அவருக்கு எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

"நான்தான் முதலாளி. சட்டுனு மடக்கறதுக்காகப் போட்டேன்."

"ஊருக்கே புத்தி சொல்றவனாச்சேய்யா நீ!"

"தப்புதான்."

"கத்திக்குப் போட்ட அரத்தை அப்படியே விரலுக்கும் போட்டுக்கிட்டான்" என்றார் மிஷின்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அப்பாவின் மேஜையில் ஏற்கெனவே வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் சிரிக்காமல் குனிந்துகொண்டார்.

திரும்பி வரும்போது, "ஏம்பா அப்படிச் சொன்னீங்க? அண்ணாதான்…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா. வந்த அன்னைக்கே பாத்தேன். அரம் போட்ட இடம் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா அதை வெச்சு வேலை செஞ்சீங்க?"

"பெரியவன் ஆசையா அனுப்பினதாச்சே. பத்திரமாப் பிடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அதுக்குத்தான் எழுதாதேன்னு சொன்னேன்" என்றார். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன் வாக்குமூலத்தின் நகல் அந்தப் பார்சலில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதைக் கேட்டு வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துக் கீழே உன் கையொப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கையெழுத்து நல்லா வந்திருக்கு. இப்பல்லாம் அழுத்திப் போடறான்" என்றார். அப்பா சொல்லி நடந்ததையெல்லாம் தெரிந்துகொண்ட அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டாள். "உன் புள்ள உன்னை வித்துட்டான். நீ கையெழுத்து அழகு பாக்கறே" என்றாள்.

நீ சொன்னபடி நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. உனக்குச் சந்தோஷம்தானே?

தங்கை

*

ஆகஸ்ட் 14

என் அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. நான் முன்பு எழுதியதில் சூடு அதிகம். பயத்தில் எழுதியது. மன்னித்துவிடு.

கவுண்ட்டர் பொறுப்பு கிடைத்துவிட்டது. தனி நாற்காலி, மேலே விசிறி. அரம் போடுவதை விட்டுவிட்டேன், சத்தியமாக. அப்பாவுக்குப் புதுக் கத்தி ஒன்று அனுப்பியிருக்கிறேன். கைபடாதது. உத்தரவாத அட்டையில் அவர் பெயரையே எழுதியிருக்கிறேன்.

அப்பா என்ன சொல்கிறார்? அவருக்குத் தெரியும் என்று எழுதியிருந்தாய். அதற்குமேல் ஏதாவது சொன்னாரா? என்னைப் பற்றிக் கேட்டாரா? படுத்தால் தூக்கம் வரவில்லை. "கையெழுத்து நல்லா வந்திருக்கு" என்றாரே, அதை எப்படி எடுத்துக்கொள்வது? நீ பக்கத்தில் இருந்தவள், உனக்குத் தெரியும். நேரில் வரலாம் என்றால் இப்போது லீவு இல்லை. இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டு. இரண்டே வரி சொல்லச் சொல். திட்டட்டும், பரவாயில்லை. நீயே எழுதி அனுப்பு. உன் கையெழுத்தில் இருந்தாலும் அவர் சொன்னதாகவே எடுத்துக்கொள்வேன்.

உன் கல்லூரிக்கு நான் பொறுப்பு. அதில் மாற்றமில்லை.

ஏங்கும்,
அண்ணன்

*

ஆகஸ்ட் 30

அண்ணாவுக்கு,

கத்தி வந்தது. அப்பா இடது கையால் திறக்கப் பார்த்தார், முடியவில்லை. என்னிடம் நீட்டினார். திறந்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். பூட்டைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்து "கெட்டியா இருக்கு" என்றார். மடக்கி வைக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

கல்லூரி வேண்டாம்.

நீ கேட்டபடி உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். அன்று சாயங்காலமே என்னை நோட்டும் பேனாவும் எடுத்து வரச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டு வரி இல்லை, மூன்று பக்கம். அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. நடுநடுவே நிறுத்தி, எழுதியதைப் படிக்கச் சொல்லி, சில சொற்களை மாற்றினார். கடைசியில் பேனாவை இடது கையில் வாங்கித் தானே கையொப்பம் போட்டார். எழுத்துகள் குழந்தை எழுதியது போல் சாய்ந்து விழுந்தன. உறையை ஒட்டும்போது இன்னொரு வார்த்தையும் சொன்னார்.

அந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை.

உன்னை மன்னித்தாரா, இனி என் வாசலை மிதிக்காதே என்றாரா, அல்லது இரண்டும் இல்லாமல் வேறு எதையாவது சொன்னாரா என்று நீ கேட்பாய். மூன்று பக்கமும் எனக்கு மனப்பாடம். ஒரு சொல்கூட உனக்குச் சொல்ல மாட்டேன். அவரிடமே வந்து கேட்கலாம். நீ வர மாட்டாய். அவர் விரல்களைப் பார்க்க வேண்டியிருக்கும்.

கடிதம் போய்விட்டது என்றுதான் அப்பா நம்புகிறார். தினமும் நான் பள்ளியிலிருந்து உள்ளே நுழைந்ததும், "பெட்டியைப் பாத்தியாம்மா?" என்கிறார்.

"பாத்தேம்பா. ஒண்ணும் வரல."

நீ இனி எழுதினாலும் அதையேதான் சொல்வேன். தபால் பெட்டிச் சாவி என்னிடம் இருக்கிறது.

தங்கை